சொராரிட்டி ரஷ்: கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு மதிப்பீடு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சொராரிட்டியில், அதாவது பெண்கள் மட்டும் சேரும் மாணவியர் சங்கத்தில், சேர இரண்டு வாசல்கள் உண்டு. பேச்சில் ஒவ்வொரு சொராரிட்டியையும் 'வீடு' என்றே சொல்வார்கள். ஒன்று, பணம் கட்டிப் பெயர் பதிந்து, நாள்கணக்கில் வீடு வீடாகப் போய்வரும் முறையான ரெக்ரூட்மென்ட். பேச்சில் அதற்கு இன்றும் ரஷ் என்றுதான் பெயர். இன்னொன்று சத்தமில்லாத பக்கவாசல்; அதைப் பிறகு பார்ப்போம். இங்கே மதிப்பிடுவது முதலாவதை. டாலஸ், ஹூஸ்டன், அட்லான்டா பக்கம் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் பெரிய தென் மாநிலக் கல்லூரிகளுக்குப் போகும்போது, இதில் சேர்வதா வேண்டாமா என்ற கேள்வி குடும்பத்துக்குள் வந்துவிடுகிறது. பெற்றோருக்குத் தலையும் புரிவதில்லை, வாலும் புரிவதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆளையும் வீட்டையும் பொருத்திவைக்கும் எந்திரம் நன்றாகவே வேலை செய்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று வருகிறவர்களுக்கு விளக்குவதில் படுமோசம். விலையைச் சொல்வதில் சுமார். நிராகரித்தால் காரணம் சொல்வது என்ற பேச்சே கிடையாது. கடைசிவரை ஓரிடமும் கிடைக்காமல் வெளியே வருபவர்களில் கணிசமானோர் எந்திரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு தாமே கதவைச் சாத்திக்கொண்டவர்கள்.

நடத்துபவர் யார் என்பதில் குழப்பம் வேண்டாம். 1902-இல் தொடங்கிய நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் 26 சொராரிட்டிகள் இருக்கின்றன. ஆல்ஃபா டெல்டா பை (1851), ஃபை மியூ (1852) இரண்டும் ஜார்ஜியாவின் மேகன் நகரில் ஒரே கல்லூரியில் பிறந்தவை. கை ஒமேகா, ட்ரை டெல்டா, கப்பா கப்பா காமா எல்லாம் இதே கூட்டமைப்புதான். விதிகளின் எலும்புக்கூடு கூட்டமைப்புடையது. தேதி, கட்டணம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அந்தந்தக் கல்லூரியின் பான்ஹெலனிக் கவுன்சில் தீர்மானிக்கும். அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆகஸ்டில், வகுப்புகள் தொடங்குவதை ஒட்டி, 2,000-க்கும் மேற்பட்ட பெண்களோடு நடக்கும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் வாண்டர்பில்ட்டிலும் ஜனவரி. ஜனவரிக்குத் தள்ளிவைக்கும் கல்லூரிகளில் முதல் பருவ மதிப்பெண்ணும் கணக்கில் வந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பதிவு வசந்தகாலத்திலோ கோடைத் தொடக்கத்திலோ திறக்கும். புகைப்படம், பள்ளி மதிப்பெண் பட்டியல், செய்த சேவைகள், சில இடங்களில் ஒரு சிறிய வீடியோ. ஒவ்வொரு சாப்டருக்கும் (சொராரிட்டியின் கல்லூரிக் கிளை) தனித்தனிக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. (4-க்கு எவ்வளவு என்ற சராசரி மதிப்பெண்) உண்டு; 2.5 முதல் 3-க்கு மேல்வரை போகும். அதற்குக் கீழே இருந்தால், எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் முதல் சுற்றோடு பெயர் நீக்கப்படும். இரண்டாம் ஆண்டில் வருபவருக்குக் கல்லூரி ஜி.பி.ஏ.தான் பார்ப்பார்கள்; அவர்களுக்கான இடமும் பொதுவாகக் குறைவு. பழைய உறுப்பினர்களின் பரிந்துரைக் கடிதமும், அம்மாவோ அக்காவோ உறுப்பினராக இருந்தால் தரும் லெகசி முன்னுரிமையும் 2020-க்குப் பிறகு பல அமைப்புகளில் கைவிடப்பட்டன. அமெரிக்காவில் முதல் தலைமுறையாக இருக்கும் குடும்பத்துக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனாலும் தென் மாநிலங்களில் கடிதத்தை விருப்பத்தின் பேரில் ஏற்கும் வீடுகள் இன்னும் உண்டு. கொடுக்க ஆள் இருந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் அதற்காக முன்பின் தெரியாதவர் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.

பதிவுப் படிவத்தில் நம்மவர்கள் சறுக்கும் இடம் பெயர்க் கட்டம். கழுத்தில் தொங்கும் பெயரட்டையும், வாசலில் நிற்கும் வரிசையும் இதிலிருந்துதான் வருகின்றன. பல்கலைக்கழகப் பதிவில் என்ன பெயரோ அதுவே இங்கேயும் இருக்க வேண்டும். மாறினால் மதிப்பெண் சரிபார்ப்பில் மாட்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள சர்வதேச மாணவிகளின் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். கவனிக்காமல் விட்டால் பெயரட்டையிலும் அதுவே வந்து உட்காரும். 'அழைக்கும் பெயர்' என்று தனிக் கட்டம் இருக்கும். அதில் வாயில் நுழையும்படி சுருக்கமான வடிவத்தைக் கொடுங்கள்.

இனி சுற்றுகள். முதல் சுற்று ஓபன் ஹவுஸ்: எல்லா வீட்டுக்கும் போக வேண்டும், ஒவ்வொன்றிலும் 15 முதல் 30 நிமிடம். பல இடங்களில் கொரோனா காலத்துக்குப் பிறகு இதன் ஒரு பகுதி வீடியோவாகவே நடக்கிறது. அடுத்தது தொண்டுச் சுற்று. ஒவ்வொரு அமைப்பும் ஆதரிக்கும் தொண்டு ஒன்று உண்டு. ட்ரை டெல்டாவுக்கு மெம்ஃபிஸில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை, ஆல்ஃபா டெல்டா பைக்கு ரொனால்டு மெக்டொனால்டு ஹவுஸ், ஸீட்டா டாவ் ஆல்ஃபாவுக்கு மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு. போகும் வீட்டின் தொண்டு எது என்று முந்தைய இரவு பார்த்துவைத்துக்கொண்டால் பேச்சு தானாக ஓடும். பிறகு சிஸ்டர்ஹுட் சுற்று. வீட்டைச் சுற்றிக்காட்டுவதும், கட்டணத்தைப் பேசுவதும் பெரும்பாலும் இங்கேதான். கடைசியில் பிரெஃபரன்ஸ். பெரிய கல்லூரியில் எண்ணிக்கை ஏறக்குறைய இப்படி இறங்கும்: எல்லா வீடும், பிறகு அதிகபட்சம் 12, பிறகு 7 அல்லது 8, கடைசியில் 2.

வாசலில் நடப்பதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி பதற்றம் போய்விடும். குழுவாக, பெரும்பாலும் கடைசிப் பெயரின் அகரவரிசையில், புல்வெளியில் நிறுத்துவார்கள். நேரம் வந்ததும் கதவு திறக்கும். உள்ளே ஐம்பது அறுபது பெண்கள் படிக்கட்டுபோல அடுக்கி நின்று கைதட்டிப் பாடுவார்கள், கத்துவார்கள். ஒருத்தி முன்னே வந்து உங்கள் பெயரைச் சொல்லி உள்ளே அழைத்துப்போவாள். நாலைந்து நிமிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி வந்து அவள் முதுகை லேசாகத் தொடுவாள். முதல் பெண் உங்களை அறிமுகப்படுத்திவிட்டு நகர்வாள். இதற்கு பம்ப் என்று பெயர். பேச்சு போரடித்ததால் போய்விட்டாள் என்று நினைக்காதீர்கள். ஒரே வருகையில் மூன்று நான்கு பேர் உங்களைப் பார்க்க வேண்டும், அதற்கான ஏற்பாடு அது. நீங்கள் வெளியே போனதும் அவர்கள் ஒவ்வொருவரும் செயலியில் மதிப்பெண் போடுவார்கள். ஆகவே முதல் ஆளிடம் சொன்னதையே மூன்றாவது ஆளிடமும் சொல்வதில் தவறில்லை. ஆனால் மூன்று பேரிடமும் "என் மேஜர் இது, ஊர் இது" என்றே முடித்துவிட்டால், மதிப்பெண் போடும் நேரத்தில் யாருக்கும் உங்கள் முகம் நினைவிருக்காது. பையன்கள், மது, மதம், அரசியல், பணம் என்ற ஐந்தையும் பேச்சில் தொடக்கூடாது என்பது எழுதாத விதி. கட்டண விவரம் கேட்பது மட்டும் விலக்கு; அது உங்கள் உரிமை.

பையும் போனும் பெரும்பாலும் வெளியே இருந்தாக வேண்டும். அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவின் ஆகஸ்ட் வெயில் நம்ம ஊர்ச் சித்திரை வெயிலுக்கு இளைத்ததில்லை. இரண்டாவது ஜோடித் தட்டைச் செருப்பு, கொப்புளத்துக்கு பிளாஸ்டர், கையளவு மின்விசிறி, தண்ணீர், வியர்வை ஒற்றும் தாள், குடை. மழை பெய்தாலும் சுற்று நிற்காது. உடைக்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. பிரெஃபரன்ஸ் நாளுக்கு ஒரு கண்ணியமான உடை போதும். இந்தச் சந்தையில் ஆயிரக்கணக்கான டாலர் வாங்கும் ரஷ் ஆலோசகர்களும் உண்டு. அவர்கள் சொல்லித்தருவதில் முக்கால்வாசியை, குழுவுக்கு ஒருவராகக் கொடுக்கப்படும் வழிகாட்டிப் பெண்ணே இலவசமாகச் சொல்வாள். ரோ காமா, பை கை என்று கல்லூரிக்குக் கல்லூரி அவள் பட்டம் மாறும். தன் சொராரிட்டி எது என்று காட்டிக்கொள்ளாமல், அந்தக் காலத்துக்கு அதிலிருந்து விலகி நிற்பவள். இந்தச் சேவையிலேயே காசுக்கு மேல் வேலை செய்யும் பகுதி அவள்தான்.

இப்போது எந்திரம். இரண்டாம் நாள் காலையில் பட்டியலைப் பார்த்து அழுபவர்கள் தங்கள் உடையை, நிறத்தை, உச்சரிப்பைக் குறை சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலும் காரணம் கணக்கு. எந்தச் சாப்டர் ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை பேரைத் திரும்ப அழைக்கலாம் என்பதை அந்தச் சாப்டர் முடிவு செய்வதில்லை. முந்தைய ஆண்டுகளில் அது அழைத்தவர்களில் எத்தனை சதவீதம் திரும்பி வந்தார்கள் என்பதை வைத்து ஒரு சூத்திரம் முடிவு செய்யும். ரிலீஸ் ஃபிகர் முறை என்று பெயர். விளக்கத்துக்கு ஒரு கணக்கு: 1,000 பெண்கள், 10 வீடுகள். எல்லோரும் விரும்பும் வீடு 100 பேரை அழைத்தால் 90 பேர் வருவார்கள். புதிதாக வந்த வீட்டுக்கு 50 பேர். சூத்திரம் முதல் வீட்டிடம் "450 பேருக்கு மேல் அழைக்காதே" என்கிறது; இரண்டாவதிடம் "800 பேரை அழை" என்கிறது. பேர்பெற்ற வீடு, இருபது நிமிடப் பேச்சை வைத்து, பாதிக்கு மேற்பட்டவர்களை முதல் நாளே வெட்டியாக வேண்டும். கொடூரமாகத் தெரியும். முன்பு அந்த வீடுகள் எல்லோரையும் கடைசிவரை ஆசைகாட்டி வைத்திருந்து கடைசி நாளில் கைவிடும். அதைத் தடுக்கத்தான் இது வந்தது. முன்கூட்டியே வெட்டினால் அவளுக்கு மற்ற வீடுகளைப் பார்க்க நேரம் இருக்கும் என்பது வாதம். வாதம் சரி. ஆனால் இதைப் பதிவுக் கட்டணம் வாங்கும்போதே நாலு வரியில் எழுதிக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நீங்களும் வீடுகளை வரிசைப்படுத்த வேண்டும். இதில்தான் பெரிய தவறான புரிதல். கடைசியாகப் போட்ட வீடு இனி வராது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. அடுத்த சுற்றின் உச்சவரம்பு 8 என்று வைத்துக்கொள்வோம். உங்களை 12 வீடுகள் அழைத்திருந்தால் உங்கள் வரிசையில் மேலே உள்ள 8 வரும். 5 மட்டுமே அழைத்திருந்தால் அந்த 5-உம் வரும்; நீங்கள் அடியில் போட்டதும் அதில் இருக்கலாம். வந்த அழைப்புக்கெல்லாம் போக வேண்டும். பிடிக்காத ஒன்றுக்குப் போகாமல் அறையில் படுத்துவிட்டால், 'கிடைத்த வாய்ப்பை முழுதாகப் பயன்படுத்தியவர்' என்ற தகுதி போய்விடும். அந்தத் தகுதியின் அருமை கடைசி நாளில்தான் தெரியும்.

இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் நிரப்பிய குடும்பத்துக்கு இந்தக் கடைசிக் கட்டம் புதிதல்ல. வித்தியாசம், அங்கே கட்-ஆஃப் என்ன என்று ஊருக்கே தெரியும். இங்கே வீட்டின் வரிசைப் பட்டியல் ரகசியம். பிரெஃபரன்ஸ் சுற்றில் ஒவ்வொரு வீட்டிலும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். வெளிச்சம் குறைவு, மெழுகுவத்தி, அழுகை, நீண்ட பேச்சு. அங்கிருந்து நேராகப் போய், பிணைப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டு, இரண்டு வீட்டையும் வரிசைப்படுத்த வேண்டும். சாப்டரும் தன் பட்டியலைக் கொடுத்திருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே அளவு கோட்டா. உங்கள் முதல் வீட்டின் பட்டியலில் கோட்டாவுக்குள் இருந்தால் அங்கே இடம். இல்லையென்றால் இரண்டாவது வீட்டைக் கணினி பார்க்கும். இரண்டிலும் விழவில்லை, ஆனால் எல்லாச் சுற்றிலும் வந்த அழைப்பை முழுதாக ஏற்றிருக்கிறீர்கள், இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள் என்றால், கோட்டாவுக்கு மேல் கூடுதல் இடமாக ஒரு வீட்டில் சேர்க்க வழி உண்டு. எழுத்தில் உத்தரவாதம் கிடையாது. நடைமுறையில் இதுதான் பாதுகாப்பு வலை.

"எனக்கு அந்த வீடு மட்டும்தான்" என்று ஒரே பெயரை எழுதுபவருக்கு அந்த வலை இல்லை. கோட்டாவில் ஓரிடம் தள்ளி இருந்தாலும் வெளியேதான். ஒற்றைப் பெயர் எழுதும் பழக்கம் புதிதல்ல. பொருளாதார ஆய்வாளர்கள் சூசன் மோங்கெல், ஆல்வின் ராத் இருவரும் 1991-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ ஆய்விதழில் சொராரிட்டிப் பொருத்தத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். பெண்களில் பலர் ஒரே பெயரை எழுதுவதையும், அந்த நடத்தைதான் ஓட்டை உள்ள முறையைக் குலையாமல் நிறுத்திவைத்தது என்பதையும் காட்டினார்கள். ராத்துக்கு 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது, இத்தகைய பொருத்தக் கணக்குகளுக்காகவே. அன்றைக்கு அது தந்திரமாக இருந்திருக்கலாம். இன்றைய விதியில், இரண்டாவது வீட்டில் சேர்வதைவிட எதிலும் சேராமல் இருப்பதே மேல் என்று உறுதியாக இருந்தாலொழிய அது வெறும் சூதாட்டம்.

பணம். பதிவுக் கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்; சில இடங்களில் நூற்றுக்கணக்கான டாலர். தொடங்கிய பிறகு திரும்ப வராது. உண்மையான செலவு அதற்குப் பிறகு. சொந்த வீடு இல்லாத சிறிய கல்லூரிச் சாப்டரில் பருவத்துக்குச் சில நூறு டாலர். தென் மாநிலங்களின் மாளிகை போன்ற வீடுகளில் பருவத்துக்குச் சில ஆயிரம். ஆபர்னில் தனி வீடு கிடையாது, விடுதிக் கட்டடத்துக்குள்ளேயே சாப்டர் அறை. இப்படி ஏற்பாட்டுக்கேற்பச் செலவு மாறும். சிஸ்டர்ஹுட் சுற்றில் கேட்க வேண்டியவை: புது உறுப்பினர் கட்டணம், தேசியக் கட்டணம், பேட்ஜ் விலை, கட்டட நிதி, சாப்பாட்டுத் திட்டம், நிகழ்ச்சிக்கு வராவிட்டால் அபராதம். முதல் ஆண்டில் விடுதியில் தங்குபவரிடம் பல்கலைக்கழகமே ஒரு சாப்பாட்டுத் திட்டத்தை வாங்கவைத்திருக்கும். வீட்டுச் சாப்பாட்டுக்கும் சேர்த்து இரண்டு முறை கட்டுவீர்கள். சைவம் என்றால் தினமும் சாலட்டைத் தவிர வேறு என்ன கிடைக்கும் என்று நேராகவே கேளுங்கள். இன்னொன்று, பல வீடுகளில் இரண்டாம் ஆண்டு அங்கேயே தங்கியாக வேண்டும். அடுத்த ஆண்டுக்கான அபார்ட்மென்ட் ஒப்பந்தத்தில் தோழிகளோடு இலையுதிர்காலத்திலேயே கையெழுத்திட்டுவிட்டு, பிறகு இரண்டு வாடகை கட்டி நிற்கும் கதை எல்லா ஊரிலும் உண்டு.

இந்தச் சேவையின் கறையையும் சொல்ல வேண்டும். உறுப்பினர் தேர்வில் ஆண்கள் கிளப்புக்கும் பெண்கள் கிளப்புக்கும் பாலினச் சமத்துவச் சட்டம் 1974-இலிருந்து விலக்கு தருகிறது. ஆகவே பெண்களை மட்டும் சேர்ப்பது சட்டப்படி சரி. நிறம் வேறு கதை. அலபாமாவில் 2013 செப்டம்பரில், கறுப்பின மாணவியைச் சேர்க்கவிடாமல் பழைய உறுப்பினர்கள் குறுக்கே நின்றதை மாணவர் பத்திரிகையான கிரிம்சன் ஒயிட் அம்பலப்படுத்தியது. நாடே திரும்பிப் பார்த்தது. பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மறுபடி திறக்க உத்தரவிட்டார். அதன் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் காரணம் சொல்லாமல் வெட்டும் முறை அப்படியேதான் இருக்கிறது. எதற்காக வெட்டினார்கள் என்று எவராலும் சரிபார்க்க முடியாது. பெரிய குறை இதுதான்.

அந்த 2013 உத்தரவில் பயன்பட்டதும் பக்கவாசல்தான்: தொடர் திறந்த சேர்க்கை. கோட்டா நிரம்பாத, அல்லது மொத்த உறுப்பினர் வரம்புக்குக் கீழே உள்ள சாப்டர்கள் ரஷ் முடிந்த பிறகும், அடுத்த பருவத்திலும், நேரடியாக ஆள் சேர்க்கலாம். வரிசை இல்லை, பாட்டு இல்லை. காபி குடித்தபடி பேசி முடித்துவிடுவார்கள். கிடைக்கும் வீடுகள் குறைவு. ஆனால் எப்படிப்பட்டவர்களோடு சேரப்போகிறோம் என்பது இருபது நிமிடக் கூச்சலில் தெரிவதைவிட நன்றாகத் தெரியும். பெரிய வீடுதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைக்கலாம்.

தெற்காசியப் பெண்களுக்கென்றே தொடங்கிய டெல்டா ஃபை ஒமேகா, கப்பா ஃபை காமா, சிக்மா சிக்மா ரோ மூன்றும் 1998-இல் பிறந்தவை. இந்த ரஷ்ஷில் இவை வராது. தகவல் கூட்டம், விண்ணப்பம், நேர்காணல் என்று தனி வழி. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா முதலான கறுப்பினப் பெண்களின் நான்கு சொராரிட்டிகளும் தனி முறைதான். கமலா ஹாரிஸ், சென்னையிலிருந்து போன சியாமளா கோபாலனின் மகள், ஹோவர்டில் சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில். இவற்றில் ஆர்வம் இருந்தால் ஆகஸ்ட் கட்டணத்தைக் கட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

எந்த வீட்டில் இடம் என்று தெரியும் நாளுக்கு பிட் நாள் என்று பெயர்; அன்று உறை பிரிப்பார்கள். அலபாமாவில் பிரையன்ட்-டென்னி அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் பிரித்துவிட்டு அங்கிருந்து தத்தம் வீட்டுக்கு ஓடுவார்கள். உள்ளே எதிர்பார்க்காத பெயர் இருந்தால் அன்றே முடிவெடுக்க அவசரப்பட வேண்டாம். மறுத்தால், ஒப்பந்தப்படி, அதே கல்லூரியில் கூட்டமைப்பின் வேறு எந்தச் சொராரிட்டியிலும் அடுத்த ஆண்டு ரஷ் தொடங்கும்வரை சேர முடியாது. ஏற்றுக்கொண்டு சில வாரங்கள் புது உறுப்பினராக இருந்து பார்த்துவிட்டு விலகினாலும் அதே தடைதான், கூடுதலாக எதுவும் இல்லை. கட்டிய பணம் போகும், அவ்வளவே. முழு உறுப்பினராக்கும் இனிஷியேஷன் சடங்கு முடிந்துவிட்டால் மட்டும் கதை மாறும்: அதற்குப் பிறகு கல்லூரியே மாறினாலும் அந்த 26-இல் இன்னொன்றில் சேர முடியாது. சடங்குத் தேதி என்ன என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.